ஸ்லாவ்கா கொடுத்த கயிறு

நெவெனாவின் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்ய முடியாது. வாங்கிய புதிதில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். காபி ஆறுவதற்குள் தொடை சிவந்துவிட்டது. பெயர்தான் கையோடு கொண்டுபோகிற கம்ப்யூட்டர், தூக்கினால் அம்மிக்கல். அதன் சார்ஜரோ தனியாக ஒரு செங்கல். இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு த்ரோயன் ஊரின் மேட்டுத் தெருவில் ஏறும்போது, எதிரே வருகிறவர்கள் அவள் உருளைக்கிழங்கு வாங்கி வருவதாக நினைப்பார்கள். சார்ஜரைப் பிடுங்கினால் ஒரு சாப்பாட்டு நேரம்கூடத் தாங்காது. படம் பெரிதானால் உள்ளே விசிறி இரைய ஆரம்பிக்கும். காற்றுப் போகட்டும் என்று பட்டறையில் கழித்துப்போட்ட இரண்டு மரத்துண்டுகளை அதன் பின்பக்கம் அண்டைகொடுத்து, சற்றுச் சாய்த்து நிறுத்தியிருந்தாள்.

இத்தனை குறையோடும் அதை அவள் யாரையும் தொடவிடமாட்டாள். ஏனென்றால், அந்த இயந்திரம்தான் அவளைப் பசை நாற்றத்திலிருந்து நாற்காலிக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தது.

மரவேலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அம்மாவுக்கு முடியாமல் போய், நெவெனா படிப்பை விட்டாள். சாங்கோவின் பட்டறையில் சேர்ந்தாள். சமையலறை அலமாரிகளும் படிக்கட்டுகளும் செய்கிற பட்டறை அது. பலகைகளின் ஓரத்தில் சூடான பசை வைத்துப் பட்டி ஒட்டுகிற இயந்திரத்தில் அவளை நிறுத்தினார்கள். இந்த முனையில் அவள் பலகையைத் தள்ளுவாள், அந்த முனையில் ஸ்லாவ்கா வாங்குவாள். ஸ்லாவ்கா அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவள். குளிர்காலம் முழுக்க ஒரே சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள். அவள் கொண்டுவருகிற பாலாடைக்கட்டி அப்பத்தில் பாதி எப்போதும் நெவெனாவுக்கு. வருஷக்கணக்காக இருவரும் அப்படி நின்றார்கள். பிறகு ஸ்லாவ்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் பிடிமானம் இழந்தன. முதலாளி அவளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்.

பட்டறையில் படம் வரைந்துகொண்டிருந்தவன் ஒருநாள் ஜெர்மனிக்குப் போய்விட்டான். அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே நெவெனாவுக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியைத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். ஆனால் பட்டறைக் கம்ப்யூட்டர், படிக்கட்டைக் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொன்னாலே மூச்சு வாங்கி நின்றுவிடும். ஜெர்மன் கம்பெனிகள் கழித்துவிடும் இயந்திரங்களை வேனில் ஏற்றிவந்து விற்கிறவனிடம் அவளே ஒரு ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கினாள். ஜெர்மன் எழுத்துள்ள விசைகளின்மேல் உள்ளூர் மொழி எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டித்தான் அவன் கொடுத்தான். அதிகம் தட்டிய இடங்களில் ஸ்டிக்கர் தேய்ந்து அடியிலிருந்து ஜெர்மன் எழுத்து எட்டிப் பார்க்கும். அடிப்பக்கச் சல்லடையில் ஓரிரண்டு கண்கள் வாங்கும்போதே உடைந்திருந்தன.

புதிதாக எது வாங்கினாலும் கூட இருப்பவர்களுக்கு இனிப்புக் கொடுக்காமல் முடியாது. நெவெனா சாக்லெட் பெட்டியை நீட்டிக்கொண்டு பட்டறையைச் சுற்றினாள். ரம்பத்தில் நிற்கிற மித்கோ இரண்டு எடுத்துக்கொண்டான்.

"என்னடி நெவெனா, ஜெர்மன்காரன் தூக்கிப் போட்டதுக்கெல்லாம் இனிப்பா?"

"உன் காரை மட்டும் ஜெர்மன்காரன் தொட்டில் கட்டி வளர்த்துக் குடுத்தானாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்லாவ்கா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப்பின் மூடியை லேசாகத் தட்டினாள். "நல்லபடியா வச்சு ஆளு தாயி. உன் கையில தேயட்டும்" என்றாள்.

அதன் பிறகு நெவெனாவுக்கு ஓர் அறை கிடைத்தது. வருகிறவர்களுக்கு அவர்களுடைய சமையலறையைத் திரையில் சுழற்றிக் காட்டுவாள். இழுப்பறையைத் திறந்து மூடிக் காட்டுவாள். அவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். சிலர் அவளை "இஞ்சினியரம்மா" என்று கூப்பிட்டார்கள். அவள் மறுக்கவில்லை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் திரைப் பக்கம் திரும்பி எதையாவது தட்டுவாள். ஸ்லாவ்கா அக்கா எப்போது வெறும் ஸ்லாவ்கா ஆனாள் என்று அவளுக்கே தெரியாது. வாடிக்கையாளர் முன்னால் ஒருமுறை அக்காவை விழுங்கினாள். பிறகு அது அப்படியே நின்றுவிட்டது.

மார்ச் முதல் தேதி வந்தது. அன்றைக்குச் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றை ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்வார்கள். உடம்புக்கு நோய் அண்டாது. வலசை வரும் நாரையையோ, பூத்த மரத்தையோ கண்ணால் பார்க்கிறவரை அதை அவிழ்க்கக் கூடாது. பார்த்த பிறகு மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். மனிதர்களுக்கு மட்டுமில்லை. ஆட்டுக்குட்டிக்கும் காருக்கும் கட்டுவார்கள். மித்கோ ரம்பத்தின் சுவிட்சுக்குக் கட்டினான்.

மற்றவர்கள் கடையில் வாங்கி வந்தார்கள். ஸ்லாவ்கா எப்போதும்போல் வீட்டில் முறுக்கி வந்தாள். தடித்த கம்பளி, இரண்டு பக்கமும் குஞ்சம். பிடிமானம் இல்லாத விரல்களால் நெவெனாவின் மணிக்கட்டில் அவளே கட்டிவிட்டாள்.

"இந்த வருஷம் குஞ்சத்தைப் பெரிசா வச்சேன். உனக்குக் கண் பட்டுக்கிட்டே இருக்குல்ல?"

நெவெனாவின் கையில் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் கட்டிய மெல்லிய கயிறுகள், வெள்ளிமணி கோத்தது ஒன்று. அவற்றின் நடுவே ஸ்லாவ்காவின் கயிறு சந்தைக்கு வந்த பட்டிக்காட்டாள் மாதிரி இருந்தது. தட்டும்போது குஞ்சம் விசையில் உரசியது. அது ஒரு காரணம்தான். வருகிறவர்கள் பார்ப்பார்களே என்பதுதான் நிஜக் காரணம். ஸ்லாவ்கா வாளியோடு முற்றத்துக்குப் போனதும் அவள் கயிற்றை உருவினாள். நாரை வராமல் குப்பையில் போடப் பயமாக இருந்தது. சார்ஜர் வயரில், லேப்டாப்பில் செருகுகிற முனைக்குப் பக்கத்தில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். இயந்திரத்துக்கும் நோய் வரக்கூடாதுதானே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு அதை மறந்தே போனாள். தினமும் மாலை வயரைப் பிடுங்கினாள், காலையில் செருகினாள். முடிச்சு எப்போது நெகிழ்ந்து நழுவியது என்று கவனிக்கவில்லை.

மாதம் பாதி ஆவதற்குள் விசிறியின் சத்தம் மாறிவிட்டது. முதலில் முனகல், பிறகு ஏதோ மெல்லுகிற மாதிரி ஒரு கரகரப்பு. விசைகள் சுட்டன. கானெவ் என்பவர் மலையில் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். தரைத்தளத்திலிருந்து மாடம்வரை வளைந்து ஏறும் படிக்கட்டு அவருக்கு வேண்டும். பட்டறைக்கு அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. அவர் அதன் படத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். முதலாளி சாங்கோ பின்னால் நின்றார். நெவெனா திரையில் அவரைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனாள். வளைவு திரும்புகிற இடத்தில் படம் உறைந்தது. உள்ளே ஏதோ அழுதது. திரை கறுத்தது.

கானெவ் கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்தார். "என் படிக்கட்டும் இப்படித்தான் பாதியில நிக்குமா?" என்றார்.

நெவெனாவுக்குக் காது மடல்வரை எரிந்தது. லேப்டாப்பைத் தூக்கினாள். மேசையில், மரத்துண்டுகளுக்குப் பக்கத்தில் ஈரம். ஸ்லாவ்கா சற்று முன்புதான் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்னும் வாசலில் வாளியோடு நின்றிருந்தாள்.

"ஸ்லாவ்கா! இங்க வா. ஈரத்துணியால இதைத் துடைச்சியா?"

"அதை நான் துடைக்கல தாயி. மேசையைத்தான். அதை ரெண்டு கையாலயும் தூக்கி நாற்காலியில வச்சுட்டு…"

"அப்போ தொட்டிருக்க! தொடாதேன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"அடியில மரத்தூள் கிடந்துச்சு. பத்திரமாத்தான் தூக்கினேன். வெயிட்டு எனக்குத் தெரியாதா?"

"தண்ணி விட்டுட்ட. உள்ள போயிடுச்சு. படிச்சவங்க உட்கார்ற இடம் இது. கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

ஸ்லாவ்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெவெனா எந்த வருஷம் எதற்காகப் பள்ளியை விட்டாள் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாய் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கானெவ் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாங்கோ, வாடிக்கையாளருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "இனிமே நீ ஆபீஸ் பக்கம் வராதே. முற்றத்தை மட்டும் பாரு."

ஸ்லாவ்கா வாளியை வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முற்றத்தைத் தாண்டி, வாசலையும் தாண்டிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை.

பழுது பார்க்கும் இல்கோவின் கடை பஸ் நிலையத்தையொட்டி இருந்தது. உள்ளே போனை வைத்துக்கொண்டு ஒரு கிழவரும், கையில் லீக் கீரைக் கட்டோடு ஓர் அம்மாளும் காத்திருந்தார்கள். இல்கோ லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தான். குனிந்து பார்த்தான். பிறகு இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தான். அது நீண்டுகொண்டே வந்தது.

"யக்கா, இது என்ன? விசிறிக்கு மார்ச்சுக் கயிறு கட்டிவிட்டிருக்கீங்களே!"

அந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் டிராக்டருக்குக் கட்டுவாரு. ஆனா இஞ்சினுக்குள்ள விட்டு ஆட்ட மாட்டாரு!"

"நாரை வந்தா அவுத்துக்கலாம்னு விசிறியும் பார்த்திருக்கும்" என்றார் கிழவர். "அது எங்க வெளிய வந்து ஆகாசத்தைப் பார்க்க?"

கடை முழுக்கச் சிரிப்பு. நெவெனா சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டாள். இடுக்கியில் தொங்கிய கம்பளி சிக்குப் பிடித்து, ஒரு பக்கம் கருகிப் பழுப்பாகியிருந்தது. கருகாத பக்கத்துச் சிவப்பு, கடைச் சிவப்பு இல்லை. சற்றுக் கறுத்த, பலமுறை துவைத்த சிவப்பு. பசை இயந்திரத்தின் அந்த முனையில் அத்தனை குளிர்காலம் பார்த்த சிவப்பு. ஸ்லாவ்கா தன் சட்டையைப் பிரித்து அந்த நூலில் முறுக்கியிருக்கிறாள்.

"தண்ணி ஏதும்… உள்ள பட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"சொட்டு இல்ல. உள்ள சுண்டக் காய்ஞ்சு கிடக்கு. ஏன், யாராச்சும் ஊத்திட்டாங்களா?"

இல்கோ கம்பளியைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனான். "அதைக் குடு" என்று நெவெனா வாங்கிக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள்.

விசிறி மாற்றி இயந்திரம் திரும்பி வந்தது. சத்தமே இல்லாமல் ஓடியது. சாங்கோ எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டார். அந்த ஒரு நொடியில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"தூசி" என்றாள் நெவெனா.

ரம்பத்திலிருந்து மித்கோ கத்தினான்: "எங்க தூசியா? அப்போ என்னைத் தூக்குல போடுங்க!"

"தண்ணி இல்லையா?" என்றார் சாங்கோ.

"தண்ணியும்… இருக்கலாம்னு சொன்னான்."

சொன்ன பிறகு தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. சாங்கோ தலையைச் சொறிந்தார். "சரி விடு. என் மச்சினி பொண்ணு வேலை கேட்டுக்கிட்டு இருக்கா. திங்கட்கிழமை வரச் சொல்லிடறேன். ஸ்லாவ்காவுக்கு ஆள்விட்டுச் சொல்லிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நெவெனா கைக்குட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்குப் போனாள். ஸ்லாவ்கா தோட்டத்தில் பிளம் மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மரங்கள் மொக்குவிட்டு நின்றன, இன்னும் பூக்கவில்லை. தூரிகையை இடது கையில் பிடித்திருந்தாள்.

"வா. காபி வைக்கட்டுமா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நெவெனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாம்… அக்கா."

எத்தனையோ மாதம் கழித்து வந்த அந்த அக்கா நொண்டிக்கொண்டு வெளியே வந்தது. ஸ்லாவ்காவும் அதைக் கவனித்த மாதிரி ஒரு நொடி தூரிகையை நிறுத்தினாள். பிறகு நெவெனாவின் கையைப் பார்த்தாள். மெல்லிய கயிறுகள் இருந்தன, வெள்ளிமணியும் இருந்தது.

"என்னோடது எங்க? நாரையைப் பார்த்துட்டியா?"

நெவெனா கைக்குட்டையைப் பிரித்தாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

"விசிறியில சுத்தியிருந்துச்சு. தண்ணி இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணல."

ஸ்லாவ்கா சுண்ணாம்புக் கையோடு கருகிய கம்பளியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"விசிறிக்குள்ள எப்படிப் போச்சு?"

"சார்ஜர் வயர்ல கட்டியிருந்தேன்."

"கையில கட்டினேனே?"

நெவெனா தரையைப் பார்த்தாள். சுண்ணாம்பு சொட்டிப் புல் வெள்ளையாகியிருந்தது.

"எப்போ அவுத்த?"

"அன்னைக்கே. நீங்க வாளியை எடுத்துக்கிட்டுப் போனதும்."

ஸ்லாவ்கா கம்பளியின் சிக்கை விரலால் நீவினாள். "தண்ணி ஊத்தினேன்னு சொன்னியே, அது போகட்டும்" என்றாள் கடைசியில். "உன் பிழைப்பாச்சே, நீ பதறிட்டன்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்டகூட உனக்காகத்தான் பேசினேன். ஆனா இதை எங்க கொண்டு வைக்கிறது தாயி?"

அந்தக் கம்பளியை நெவெனாவின் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"மன்னிச்சுடுங்க அக்கா."

"எங்கிட்ட எதுக்கு இங்க வந்து சொல்ற? இங்க யாரு இருக்கா, பிளம் மரமா? யாருக்கு முன்னாடி கத்தினியோ, அவங்களுக்கு முன்னாடி சொல்லு." தூரிகையைச் சுண்ணாம்பில் முக்கினாள். "முழுசாச் சொல்லு. தூசி கீசின்னு சொல்லாதே."

அவளுக்கு அதுவும் எட்டியிருந்தது. மித்கோவின் வாய் சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை காலை கானெவ் மறுபடி படிக்கட்டைப் பார்க்க வந்தார். சாங்கோ இருந்தார். முற்றத்தில் மச்சினி பெண், நகத்துக்குச் சிவப்புப் பூசிய கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நின்றாள். நெவெனா லேப்டாப்பைத் திறக்கவில்லை. மூடியின்மேல் கைக்குட்டையை விரித்தாள்.

"இது எந்திரத்துக்குள்ள இருந்துச்சு" என்றாள். "ஸ்லாவ்கா அக்கா எனக்குக் கட்டின கயிறு. வர்றவங்க பார்த்தாச் சிரிப்பாங்கன்னு அவுத்து வயர்ல சுத்தி வச்சேன். அது லேப்டாப்புக்கு அடியில விழுந்து, உடைஞ்ச சல்லடைக் கண் வழியா விசிறியில மாட்டிக்கிச்சு. தண்ணி எதுவும் படல. தூசின்னு சொன்னது பொய். தண்ணி இருக்கலாம்னு சொன்னதும் பொய்." மூச்சு வாங்கினாள். "நான் இஞ்சினியரும் இல்ல. ரெண்டாம் வருஷத்தோட பள்ளிக்கூடத்தை விட்டவ."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. அதுவாக வந்தது.

சாங்கோவின் முகம் கறுத்தது. கானெவ் கம்பளியைக் குனிந்து பார்த்துவிட்டு, தன் சட்டைக் கையை விலக்கிக் காட்டினார். மணிக்கட்டில் தடித்த கயிறு, அழுக்கேறிய குஞ்சம். "எங்கம்மா கட்டினது" என்றார். "படிக்கட்டைக் காட்டும்மா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் தேவலை.

சாங்கோ மச்சினி பெண்ணை அனுப்பிவிட்டு, தானே மேட்டுத் தெருவுக்குப் போய் ஸ்லாவ்காவைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். ஆணியிலிருந்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஆபீஸ் அறைக்குள்ளும் வந்தாள். தரையைத் துடைப்பாள், ஜன்னலைத் துடைப்பாள், முதலாளி நாற்காலியைத் துடைப்பாள். நெவெனாவின் மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள். நெவெனாவே வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவந்து, லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, அந்த மேசையைத் துடைத்துக்கொள்வாள். அப்படித் தூக்கும் ஒவ்வொரு முறையும், பிடிமானம் இல்லாத விரல்களுக்கு இது எவ்வளவு கனத்திருக்கும் என்று தோன்றும். மித்கோ மட்டும் விடவில்லை. விசிறி கொஞ்சம் சத்தமாக ஓடினால் போதும், "நெவெனா, உள்ளே நாரை வந்திருக்கு பாரு!" என்பான்.

அடுத்த மார்ச் முதல் தேதி ஸ்லாவ்கா பையோடு வந்தாள். மித்கோவுக்குக் குஞ்சம் வைத்தது, சாங்கோவுக்குக் குஞ்சம் வைத்தது. நெவெனா தலையை நிமிர்த்தாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தாள். ஸ்லாவ்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கையை நீட்டு."

அந்தக் கயிற்றில் குஞ்சமே இல்லை. இறுக்கி முறுக்கிய வெறும் நூல். அதே கறுத்த சிவப்பு. ஸ்லாவ்கா நல்ல கையால் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சிட்டாள். அவிழ்க்க முடியாத முடிச்சு, கத்தரிக்கோல்தான் வேண்டும்.

"விசிறி திங்காது இதை" என்றாள். சிரித்தாளா என்று நெவெனாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உனக்குக் கூச்சமா இருந்தா சட்டைக் கையை இறக்கி விட்டுக்கோ."

நெவெனா சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள். அந்த வசந்தத்தில் பஸ் ஜன்னலிலிருந்து அவள் நாரைகளைப் பார்த்தாள். ஆற்றோரத்துப் பிளம் மரங்கள் பூத்து உதிர்ந்ததையும் பார்த்தாள். மற்றக் கயிறுகளைக் கிளையில் கட்டினாள். அந்த ஒன்றை மட்டும் கத்தரிக்கவில்லை. கோடைகாலம் முழுக்க, தட்டும்போதெல்லாம் அது ஸ்டிக்கர் தேய்ந்த விசைகளின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்தது.